கலங்கிய பியர் கெட்ட பியரா?

கல்கிசைக்காற்று:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "கொழும்பில் சின்னதாக பியர் காய்ச்சும் இடம் ஒன்றுக்குப் போனேன். கலங்கின தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வடிகட்டத் தெரியாதவர்களுக்கு எதற்கு இந்த வேலை?" வாசித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. அதே இடத்துக்கு நானும் போனேன். அவர் குடித்தது கோதுமை பியர். அது கலங்கித்தான் இருக்கும். கோதுமையில் புரதம் கூட, நொதிக்க வைக்கும் மதுவத்தையும் (ஈஸ்ட்) வடிக்காமல் விடுகிறார்கள். ஜெர்மன்காரர் இதை ஹெஃபெவைசன் என்பார்கள், ஹெஃபெ என்றாலே மதுவம். கிளாஸை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் பழச்சாறு மாதிரி மஞ்சள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் வாழைப்பழமும் கராம்பும். அந்த வாசத்தைத் தருவதே மதுவம்தான்.

வடமராட்சியான்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். முப்பது வருசமாக பியர் குடிக்கிறேன். கிளாஸுக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரிய வேண்டும். தெரியவில்லை. அவ்வளவுதான் கதை.

மட்டுநகர் மைந்தன்:
இந்த மாதிரிச் சின்ன இடங்களில் காய்ச்சுவதைக் கிராஃப்ட் பியர் என்கிறார்கள். முதலில் கிராஃப்ட் பியர் என்று எதைச் சொல்கிறோம்? ஆலையின் அளவையா, செய்கிற முறையையா? அதைத் தீர்த்துவிட்டுப் பேசலாமே.

கல்கிசைக்காற்று:
அளவு கிடக்கட்டும். அண்ணை, விரல் தெரிவது லாகரில். அதைக் குளிரில் நொதிக்க வைத்து, வாரக்கணக்கில் அடங்க விட்டு, வடிகட்டி அனுப்புகிறார்கள். நாம் கடையில் வாங்குவதில் பெரும்பகுதி அதுதான், அதனால் அது மட்டும்தான் பியர் என்று நினைத்துவிட்டீர்கள். லயன் ஸ்டவுட் என்ற பியர், மதுசாரம் 8.8 வீதம், கன்னங்கரேல் என்று இருக்கும். அதில் விரல் தெரியுமா?

வடமராட்சியான்:
கறுப்பு வேறு, கலங்கல் வேறு. ஸ்டவுட் கறுப்பது தானியத்தை வறுப்பதால். அது எனக்கும் தெரியும் தம்பி, பாடம் எடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் கராம்பும் எனக்கு மணக்கவில்லை, வெண்ணெய் வாசம்தான் வந்தது.

கல்கிசைக்காற்று:
இதை முதலே சொல்லியிருக்கலாமே! வெண்ணெய் வாசம் குறைதான். மதுவம் வேலையை முடிக்கும் முன் அவசரப்பட்டு எடுத்தால் வரும், குழாயைக் கழுவாமல் விட்டாலும் வரும். அதைப் பணியாளிடம் சொல்லி கிளாஸைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் நீங்கள் திட்டியது வாசத்தை இல்லை, கலங்கலை.

வடமராட்சியான்:
கலங்கல் கலங்கல்தான்.

ஜம்பட்டாதெரு:
அண்ணை, ஊரில் பனங்கள்ளை ஓலையில் மடித்த பிளாவில் குடித்தபோது அடியில் ஓலை தெரிந்ததா? அதுவும் வெள்ளையாகக் கலங்கித்தானே இருக்கும்?

வடமராட்சியான்:
கள்ளை இதற்குள் இழுக்க வேண்டாம். மரத்திலிருந்து இறக்கிய அன்றே குடிப்பது அது. பிளா பிடித்துப் பழகாதவர்கள் கொழும்பில் இருந்துகொண்டு எங்களுக்குக் கள் சொல்லித்தர வேண்டாம்.

ஜம்பட்டாதெரு:
என் அப்பா பருத்தித்துறை. கொழும்பில் பிறந்தது என் குற்றமா?

மட்டுநகர் மைந்தன்:
இன்னொன்று. பியரை 'வடிக்காமல்' என்று எழுதுகிறீர்கள். வடிப்பது சாராயத்தை. பியர் நொதிப்பது.

வடமராட்சியான்:
நான் 'வடிகட்ட' என்றுதான் எழுதினேன். ஒழுங்காக வாசியுங்கள்.

கல்கிசைக்காற்று:
சொல்லில் தொங்க வேண்டாம். 2016 மே வெள்ளம் நினைவிருக்கிறதா? கொழும்புக்குக் கிட்ட பியகமையில் லயன் பியர் செய்யும் பெரிய ஆலைக்குள் தண்ணீர் புகுந்து உற்பத்தி மாதக்கணக்கில் நின்றது. நாடே ஒரு ஆலையை நம்பியிருந்தால் அதுதான் நடக்கும். அதனால்தான் நாலு பேர் சின்ன அளவில் செய்யும்போது எனக்கு அவ்வளவு சந்தோசம். நாம் போன இடத்தில் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினான் பியர் காய்ச்சும் ஒரு பொடியன். மேலே தடித்த நுரை, கை முழுக்க மோல்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஒட்டியிருந்தது, கண்ணில் அவ்வளவு பெருமை. அவனைப் போய் வடிகட்டத் தெரியாதவன் என்று எழுதிவிட்டீர்கள். அதுதான் எனக்குச் சுட்டது.

வடமராட்சியான்:
பொடியனை நான் பார்க்கவேயில்லை. காசு கொடுத்தது நான், கிளாஸில் வந்ததைத்தான் சொன்னேன்.

கல்கிசைக்காற்று:
சனிக்கிழமை வாருங்கள், நான் வாங்கித் தருகிறேன். ஒன்றாக மணந்து பார்ப்போம்.

ஜம்பட்டாதெரு:
சனிக்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. பூட்டியிருக்கும்.

கல்கிசைக்காற்று:
அப்ப ஞாயிறு.

வடமராட்சியான்:
யார் வாங்கித் தந்தாலும் விரல் தெரியாத பியரை நான் குடிக்கமாட்டேன்.