பால் ஜாயிண்டட் டாலுக்குத் தமிழில் என்ன சொல்? வியாழன் மதியத்துக்குள் வேண்டும்

கோபிசெட்டிபாளையம், திங்கள் இரவு

எல்லோருக்கும் வணக்கமுங்க.

பரீட்சை விடுமுறையில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பொம்மை வேலை சொல்லிக் கொடுக்கப் போகிறேன். எல்லோரும் தமிழ்வழியில் படிப்பவர்கள். எட்டுப் பக்கக் கையேடு ஒன்று வியாழன் மதியத்துக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். முதல் பக்கத் தலைப்பிலேயே நின்றுகொண்டிருக்கிறேன்.

பார்த்திராதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இது ரெசினில் வார்த்த பொம்மை. தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மடங்குகிற இடமெல்லாம் ஒரு பக்கம் உருண்டை, மறுபக்கம் அது உட்காரும் குழி. பசை கிடையாது, திருகாணி கிடையாது. உடம்பு உள்ளே கூடு. அந்தக் கூட்டுக்குள் தலையிலிருந்து பாதம் வரை எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. கை, கால், தலைக்குள் எஸ் வடிவக் கொக்கி. கயிற்றின் இழுப்பில்தான் மொத்த உடம்பும் நிற்கிறது. கன்னத்தில் கைவைத்து உட்கார வைத்தால் அப்படியே இருக்கும். 1999இல் ஜப்பானின் வோல்க்ஸ் நிறுவனம் சூப்பர் டால்ஃபி என்ற பெயரில் கொண்டுவந்த பிறகுதான் இது பெரிய பொழுதுபோக்காகப் பரவியது. பரவலாகக் கிடைக்கிற பெரிய அளவு ஏறக்குறைய 60 செ.மீ. வரும்.

மண்டையின் பின்பாதி தனியாகக் கழலும். கண்ணை மாற்றலாம், முடியை மாற்றலாம், முகத்துச் சாயத்தை அழித்துவிட்டு வேறு முகம் எழுதலாம். இந்த மாற்றும் வேலைதான் எங்கள் வகுப்பு. என் மேசையில் இப்போது நிற்பவள் இடுப்புக்கு மேலே பெண், கீழே மான்குளம்பு, தலையில் இரண்டு முறுக்குக் கொம்பு. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பார்த்த வெளிமான் மனதைவிட்டுப் போகவில்லை. கொம்புக்குக் கம்பியை முறுக்கி, அதன்மேல் எம்-சீல் மாதிரி இரண்டு பொருளைச் சரிபாதியாகப் பிசைகிற புட்டியை அப்பி, ஒரு நாள் இறுகவிட்டு, வாட்டர் பேப்பரால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். கழற்றி மாட்ட உள்ளே சின்னக் காந்தம்.

நான்கு சொல் வேண்டும். இந்தப் பொம்மைக்கு ஒன்று. மாற்றிச் செய்ததற்கு ஒன்று. முகம் தீட்டுவதற்கு ஒன்று. தளர்ந்த எலாஸ்டிக்கை உருவிப் புதிதாகக் கோப்பதற்கு ஒன்று.


கணபதி, கோவை, செவ்வாய் காலை

அக்கா, இது எங்கள் பட்டறைச் சாமான். காரில் முன்சக்கரத்துப் பக்கம் இருப்பதும் பால் ஜாயிண்ட்தான். ‘பால் ஜாயிண்ட் ஆட்டம் கண்டிருச்சு’ என்றால் இங்கே டீ கொண்டுவருகிற பையனுக்கும் புரியும். தமிழில்தான் வேண்டும் என்றால் பள்ளி அறிவியலிலேயே இருக்கிறது: தோள்பட்டைக்குப் பந்து கிண்ண மூட்டு. கிண்ணத்தை எடுத்துவிட்டால் பந்துமூட்டு பொம்மை. பிள்ளைகள் ஏற்கெனவே படித்த சொல், புதிதாக எதுவும் வேண்டாம்.


பேரூர், செவ்வாய் முற்பகல்

> பந்துமூட்டு பொம்மை

பந்துமூட்டுப் பொம்மை, தம்பி. ஒற்று மிகும். கையேட்டில் தவறாகப் போனால் பன்னிரண்டு பிள்ளைகளும் அப்படியே எழுதுவார்கள்.

எனக்குப் ‘பந்துமூட்டு’ சம்மதம். ‘பொம்மை’தான் சம்மதம் இல்லை. தெலுங்கில் பொம்ம, கன்னடத்தில் பொம்பெ. நமக்குப் பாவை என்று சொந்தச் சொல் இருக்கும்போது அது எதற்கு? கொல்லிமலை நமக்குத் தொலைவில்லை. அந்த மலைத் தெய்வம் ‘எழுதிய நல்லியற் பாவை’ என்று குறுந்தொகையில் வருகிறது. எழுதிய என்றால் தீட்டிய, உருவாக்கிய என்று பொருள். கண்ணுக்கு மை எழுதுகிறோம், ஓவியம் எழுதுகிறோம். ஆகவே அம்மணி கேட்ட மூன்றாவது சொல்லும் கிடைத்துவிட்டது: முகவெழுத்து.

நான்காவது இன்னும் எளிது. குறள் 1020:

நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி யற்று

கயிற்றால் அசைகிற மரப்பாவை உயிருள்ளது போல மயக்குகிறது என்கிறார். உங்கள் பொம்மைக்கு உள்ளே ஓடுவது நாண். வில்லுக்கு நாணேற்றுகிறோம் அல்லவா? இழுத்து, கொக்கியில் மாட்டி, விறைப்புக் குறையாமல் விடுகிற அதே வேலை. நாணேற்றுதல் என்று எழுதுங்கள்.


திருப்பூர், செவ்வாய் மாலை

நாணேற்றுதல் அருமைங்க ஐயா. ஆனால் கடையில் போய் ‘நாண் அஞ்சு மீட்டர்’ என்று கேட்டால் திருப்பூரில் யாருக்கும் தெரியாது. செயலுக்கு நாணேற்றுதல், பொருளுக்கு எலாஸ்டிக் என்று பிரித்துக்கொள்ளலாமா? பிள்ளைகள் பொருள் வாங்க இங்கேதான் வரப்போகிறார்கள்.

என் தடை ‘மூட்டு’ மேல். அப்பா தையல் கடை வைத்திருந்தார். லுங்கி வாங்கியவர்கள் ‘மூட்டிக் குடுங்க’ என்று வந்து நிற்பார்கள். இரண்டு ஓரத்தையும் சேர்த்துத் தைத்தால் அது மூட்டுவது. கோபி அக்கா சொல்வதைப் பார்த்தால் இந்தப் பொம்மையில் எதுவுமே மூட்டப்படவில்லை. கயிற்றை அறுத்தால் இருபது துண்டாகக் கொட்டிவிடும். சேர்த்து உட்கார வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதற்குப் ‘பொருத்து’ சரியாக வராதா? பந்துப்பொருத்துப் பாவை.


கணபதி, கோவை, செவ்வாய் மாலை

மூட்டு வலி என்று ஊரே சொல்கிறது. முழங்காலை யாரும் தைக்கவில்லையே அண்ணா.


உடுமலை, செவ்வாய் இரவு

இரண்டாவது சொல்லைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கல் சமயத்தில் வந்திருக்கிறீர்களா? மாடு நோயில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, மண்ணில் செய்த மாடு கன்று உருவங்களை விவசாயிகள் கொண்டுவந்து வைப்பார்கள். அதற்கு நாங்கள் சொல்வது உருவாரம். சின்ன வயதில் அப்புச்சி தோளில் உட்கார்ந்துகொண்டு என் மடியில் ஒன்றைப் பிடித்திருந்த ஞாபகம் இருக்கிறது. காதுக்குப் பக்கத்தில் குயவர் கட்டைவிரல் அழுத்திய பள்ளம், அதில் சுண்ணாம்பு உறைந்திருக்கும். ஒரு கண் பெரியதாக, ஒரு கண் சிறியதாகப் புள்ளி வைத்திருப்பார்கள். கையால் உருக்கொடுத்தது என்பது பார்த்தவுடன் தெரியும். கோபி அக்கா செய்த மான்பெண்ணைப் படத்தில் பார்த்தபோது எனக்கு அந்தப் பள்ளம்தான் நினைவுக்கு வந்தது. மாற்றிச் செய்த பொம்மைக்கு உருவாரம் என்றே பெயர் வைக்கலாம். கொங்குநாட்டுப் பிள்ளைகளுக்குக் கொங்குநாட்டுச் சொல்.


பேரூர், புதன் காலை

உடுமலை அம்மா எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். நல்ல சொல். ஆனாலும் உருவாரம் நேர்ந்துகொண்டு வைப்பது. வைத்த பிறகு அது சாமிக்குரியது, வீட்டுக்குத் திரும்பாது. அலமாரியில் நிற்கப்போவதற்கு அந்தப் பெயரை எடுத்தால், நாளைக்குக் கோயிலில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற கனம் குறைந்துபோகும்.

வேறொன்று தருகிறேன். குறள் 407:

நுண்மாண் நுழைபுலம் இல்லான் எழில்நலம்
மண்மாண் புனைபாவை யற்று

புனைபாவை. புனைதல் என்றால் அழகுசெய்தல். உருவாக்குதல் என்றும் ஆகும். இன்றைக்குப் புனைவு என்றால் கற்பனை. கொம்பும் குளம்பும் வைத்த கற்பனைப் பிறவிக்கு இந்த மூன்றுமே பொருந்துகின்றன.


கணபதி, கோவை, புதன் காலை

புனைப்பாவை நன்றாக இருக்கிறது ஐயா. என் ஓட்டு இதற்கே.


பேரூர், புதன் காலை

> புனைப்பாவை

புனைபாவை. வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஊறுகாய், சுடுசோறு போல. புனைந்த பாவை, புனைகிற பாவை, புனையும் பாவை என்று மூன்று காலமும் உள்ளே ஒளிந்திருக்கின்றன. ஒற்றைப் போட்டால் அந்த அழகு போய்விடும்.


கோபிசெட்டிபாளையம், புதன் மதியம்

ஐயா, நீங்கள் இலக்கணத்துக்குச் சொன்னது எனக்கு வேலைக்கே பொருந்துகிறது. இந்தப் பொம்மை முடிந்தது என்று ஒருநாளும் கிடையாது. ஆடி மாதம் முகம் எழுதி, சாயம் நிற்பதற்கு மொட்டை மாடியில் ஸ்ப்ரே அடித்தேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அன்றைக்கு இந்தப் பக்கமும் பிடித்திருந்தது. கன்னமெல்லாம் தூசி ஒட்டிப் பொரிப்பொரியாக நின்றது. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஐப்பசி ஈரத்தில் அடித்தபோது வெள்ளையாகப் பூத்துப்போனது, அதையும் அழித்தேன். இப்போது இருப்பது அவளுடைய மூன்றாவது முகம். புனைந்த, புனைகிற, புனையும்: மூன்றும் அவள்தான்.

உருவாரத்தை விட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஐயா சொன்ன காரணம் சரிங்க.

நடுவில் ஒன்று: ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசம் போட வேண்டும். சொல் எது முடிவானாலும் இந்த இரண்டு வரி கையேட்டின் முதல் பக்கத்தில் வருகிறது.


பொள்ளாச்சி, புதன் இரவு

தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் பந்து, மூட்டு என்று கிடைத்த சொற்களை ஒட்டுகிறீர்கள். மொழிக்குள்ளேயே இந்தப் பொருளுக்கு ஒரு வேர் இருக்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்து பாலக்காட்டுக்குப் போனால் மணிக்கட்டைக் கைக்குழ என்பார்கள், கணுக்காலைக் கால்க்குழ என்பார்கள். நம் குழைதான் அது. குழை என்றால் வளைவது. காதில் போடுகிற வளையமும் குழை. குழி, குழல், குழை என்று பாருங்கள். ஒன்று உட்குழிவு, ஒன்று உள்துளை, ஒன்று வளைவு. ஆட்டுக்கல்லில் குழிக்குள் உட்கார்ந்து சுற்றுவது குழவி. ஆத்தா மாவாட்டும்போது அந்தக் குழவி எந்தப் பக்கமும் சாயும், ஆனால் குழியைவிட்டு வெளியே வராது. இதைவிடத் தெளிவாகப் பந்துமூட்டை யார் காட்ட முடியும்? கல்லிலே வேண்டும் என்றால் கோயில்களில் சில யாளிகளின் வாய்க்குள் கல்லுருண்டை கிடக்கும். விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. உருண்டையையும் குழியையும் ஒரே கல்லில் செதுக்கியவன் அதை ஒரு பெயர் சொல்லித்தானே கூப்பிட்டிருப்பான்?

குழவி என்றால் குழந்தையும்தான். சிற்றிலக்கிய வகைகளில் குழமகன் என்று ஒன்று உண்டு. பெண்கள் கையில் இருக்கும் பொம்மைப் பிள்ளையைப் பாடுவது. ஆக மூட்டும் குழை, பொம்மையும் குழ. என் பரிந்துரை: குழைமூட்டுக் குழமகள்.

இன்னொன்று. வெளிமானில் பெட்டைக்குக் கொம்பு இருப்பதில்லை. ஆணுக்குத்தான். இதற்குச் சங்கப்பெயர் இரலை. முறுக்கிய இரும்பு போன்ற கொம்பு என்று அகநானூற்றில் வருவதும் ஆண்மான்தான்.


கோபிசெட்டிபாளையம், புதன் இரவு

இரும்பா! நான் கம்பியை முறுக்கித்தானே கொம்பு செய்தேன். இதைக் கையேட்டில் கொம்புப் பக்கத்தில் சேர்த்துவிடுகிறேன், மிக்க நன்றிங்க ஐயா.

பெட்டைக்குக் கொம்பு இல்லை என்பது தெரியும். அவளுக்கு வேண்டும் என்று வைத்தேன்.


திருப்பூர், வியாழன் காலை

நேரமாகிவிட்டது, எல்லோரும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். நான் பொருத்தை விட்டுக்கொடுக்கிறேன், பந்துமூட்டே இருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ‘பந்துமூட்டுப் பாவை’ என்று மட்டும் சொல்லி, என்னவாக இருக்கும் என்று கேட்டேன். ஒன்பதாவது படிக்கிறாள். ‘கை காலெல்லாம் சுத்துற பொம்மையா?’ என்றாள். ‘குழைமூட்டு’க்கு, ‘எலும்பு உருகிப்போற நோயா?’ என்று கேட்டாள்.


உடுமலை, வியாழன் காலை

பந்துமூட்டுப் பாவை, புனைபாவை, முகவெழுத்து, நாணேற்றுதல். நான்கும் சரி. உருவாரத்துக்கு ஒரு வரி மட்டும் கேட்கிறேன்: கையேட்டில் எங்காவது, இந்த மண்ணில் இப்படியும் உருவம் செய்தார்கள் என்று.


கணபதி, கோவை, வியாழன் காலை

அதே நான்கு. தலைப்பில் மட்டும் பாவைக்குப் பதில் பொம்மை என்றிருந்தால் நல்லது. பெரும்பாலோர் பேரூர் ஐயா சொன்னபடி பாவை என்றால் அதுவும் சரி.


கோபிசெட்டிபாளையம், வியாழன் மதியம்

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பு பந்துமூட்டுப் பாவை. உள்ளே முதல் தடவை வரும் இடத்தில் மட்டும் ‘பால் ஜாயிண்ட் பொம்மை என்றும் சொல்வார்கள்’ என்று எழுதியிருக்கிறேன். கயிறு எலாஸ்டிக்காகவே இருக்கிறது. ஐந்தாம் பக்கத்தின் அடியில் இடம் கிடைத்தது, சோமவாரப்பட்டி மாட்டு உருவாரம் ஒன்றைக் கோட்டோவியமாகப் போட்டிருக்கிறேன். கட்டைவிரல் பள்ளத்தோடு.


பொள்ளாச்சி, வெள்ளி காலை

அச்சானது ஆகட்டும், வகுப்பு நல்லபடியாக நடக்கட்டும். என் கருத்து பதிவில் இருக்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன். பந்து என்றால் எறிவது, உருட்டுவது, கைவிட்டுப் போவது. அந்த உருண்டை எங்கேயும் போவதில்லை, குழிக்குள்ளேயே சுற்றுகிறது. பிள்ளைகளில் யாராவது தோள் மூட்டைக் கழற்றிப் பார்க்கும்போது, அந்தக் குழிக்கு மட்டுமாவது குழை என்று சொல்லிக் கொடுங்கள் அம்மணி. உருண்டைக்குப் பெயர் வைத்தீர்கள், குழிக்கு இன்னும் யாரும் வைக்கவில்லை.