சுவர்ப் பூஞ்சைக்கு ப்ளீச் அடிச்சும் தும்மல் நிக்கலையா?

செத்த பூஞ்சையும் அலர்ஜி கொடுக்கும். அதன் வித்துலயும் உடைஞ்ச இழையிலயும் இருக்கிற புரதம்தான் மூக்கை உறுத்துது. அதனால கொல்றதை விட, தூசி கிளம்பாம வழிச்சு வெளியேத்துறதுதான் முக்கியம்.

காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்க்கவே கூடாது. என்95 மாஸ்க், ரப்பர் கையுறை, கண்ணை முழுசா மூடுற கண்ணாடி போட்டுக்கங்க. அறைக்கதவைச் சாத்தி, ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்திட்டு, சோப்புத் தண்ணி தெளிச்சு ஊறினதும் துணியால வழிங்க. அந்தத் துணியை அலசி மறுபடி எடுக்காம, கவர்ல கட்டிப் போட்டுடுங்க. மூணடிக்கு மூணடி பரப்புக்கு மேல போனா ஆள் வைச்சுக்கிறதே நல்லது. வீசிங் உள்ளவங்க சின்ன இடமா இருந்தாலும் இதுல இறங்க வேண்டாம்.

*

ப்ளீச் டைல்ஸுக்குச் சரி, ஒரு லிட்டர் தண்ணிக்கு 60 மில்லிக்கு மேல வேண்டாம். சிமென்ட் பூச்சு, மரம், ஜிப்சம் போர்டுல ப்ளீச் மருந்து மேலேயே நின்னுடும், தண்ணி மட்டும் உள்ளே இறங்கும். கறை வெளுத்ததைப் பார்த்து ஏமாறாதீங்க. ப்ளீச்சை வினிகர், ஆசிட், அமோனியா உள்ள கிளீனர் எதோடயும் கலந்தா விஷவாயு வரும். குளியலறை மூலையில சிலிக்கான் சீலன்ட் உள்ளுக்குள்ளேயே கருத்திருந்தா தேய்ச்சுப் பயனில்லை. பிளேடால வெட்டியெடுத்து, இடத்தை நல்லா உலர விட்டு, புதுசா வைங்க. 24 மணி நேரம் தண்ணி படக் கூடாது.

*

மேலே ரெண்டு பேரும் சொன்னது சரி, ஆனா ஈரம் எங்கேருந்து வருதுன்னு தெரியாம செஞ்சா சீக்கிரமே திரும்ப வரும். சுவரைத் துடைச்சு உலர்த்தி, ஒரு சாண் அலுமினியம் ஃபாயிலை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுப் பாருங்க.

ஃபாயிலுக்கு வெளிப்பக்கம் முத்து முத்தா நீர் நின்னா, அறைக்காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்த சுவர்ல படியுது. பீரோவைச் சுவரை விட்டு நாலு விரல் தள்ளி வைங்க, குளிச்ச பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் 20 நிமிஷம் ஓடட்டும். ஈரப்பதம் காட்டுற ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்கி மாட்டுங்க: ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே நிக்கணும், 50 இன்னும் நல்லது.

ஃபாயிலோட சுவர்ப்பக்கம் நனைஞ்சிருந்தா ஓதம், அதாவது சுவருக்குள்ளேருந்து வர்ற ஈரம். குழாய் ஜாயின்ட், மாடித் தளம், வெளிச்சுவர் விரிசல் மூணையும் பாருங்க. அடைச்சு, சுவர் முழுசா காயாம பட்டி பாத்தா, பெயின்ட் கொப்புளிச்சு உரியும். பூஞ்சைத் தடுப்பு பெயின்ட்டும் இதுக்கு விலக்கில்லை.

வெள்ளையா பூத்திருந்தா மட்டும் கொஞ்சம் பொறுங்க. தண்ணி தெளிச்சதும் கரைஞ்சா அது உப்பு. அலர்ஜிக்குக் காரணம் அதுவா இருக்காது, ஆனா ஓதம் இருக்குன்னு காட்டிக் கொடுத்துடும்.