6 வெயிட் ராடுக்கு விலை குறைந்த ஃபிளை ரீல்: எதை வாங்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஃபிளை ஃபிஷிங்குக்கு (செயற்கைப் பூச்சி கட்டி மீன் பிடிப்பது) 9 அடி, 6 வெயிட் (அதற்கேற்ற லைனின் எடை எண்) ஃபிளை ராடு ஒன்று வைத்திருக்கிறேன், அதற்குக் கையைக் கடிக்காத விலையில் ஒரு ரீல் வேண்டும். பெரும்பாலும் ஸ்ட்ரீமர் (குட்டி மீன் போல இருக்கும் ஃபிளை) போட்டு பாஸ் மீன் பிடிக்கத்தான், எப்போதாவது பெரிய ட்ரௌட்.

சின்ன மீனுக்கு ரீல் என்பது லைனைச் சுற்றி வைக்கும் இடம், அவ்வளவுதான். க்ளிக் அண்ட் பால் (click and pawl, பல்சக்கரத்தில் தட்டும் எளிய தடுப்பு) போதும். ஆனால் 6 வெயிட்டில் மாட்டும் மீன் நிஜமாகவே லைனை இழுத்துக்கொண்டு ஓடும், அப்போது முதல் இழுப்பிலேயே திக்காமல் சீராக விட்டுக்கொடுக்கும் டிஸ்க் டிராக் (drag, ரீலின் தட்டு பிரேக்) இல்லையென்றால் டிப்பெட் (நுனியில் கட்டும் மெல்லிய நரம்பு) அறுந்துபோகும், அதனால் இதில் மட்டும் சமரசம் வேண்டாம் என்று நினைக்கிறேன். லார்ஜ் ஆர்பராகவும் (லைன் சுற்றும் நடுப்பகுதி பெரியதாக) இருக்க வேண்டும். வேகமாகச் சுற்றலாம், லைனும் அவ்வளவாகச் சுருண்டு நிற்காது. வெயிட் ஃபார்வர்ட் லைனோடு (முன்பகுதி கனமான லைன்) 20 பவுண்ட் டேக்ரான் பேக்கிங் (லைனுக்குப் பின்னால் சுற்றும் நூல்) 100 கெஜமாவது உள்ளே போகணும்.

இப்போதைக்குப் பார்த்து வைத்திருப்பது ரெடிங்டன் பெஹிமோத், அப்புறம் லாம்சன் லிக்விட். இரண்டுமே வார்ப்பு அலுமினியம், கடைந்து செய்த ரீல் அளவுக்கு அடி தாங்காது, இந்த விலைக்கு அது சரி. லிக்விட்டின் டிராக் சீல் செய்தது என்பதால் மனம் அந்தப் பக்கம் சாய்கிறது.

இரண்டில் எதையாவது நீண்ட நாள் பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா? பெஹிமோத் என்றால் இந்த ராடுக்கு 5/6 அளவு நன்றாக பேலன்ஸ் ஆகுமா, இல்லை 7/8 எடுக்கணுமா? சிங்கிங் லைனுக்கு (தண்ணீரில் மூழ்கும் லைன்) தனி ஸ்பூல் (லைன் சுற்றும் உருளை) வாங்குவது உண்மையில் பயன்படுகிறதா என்றும் சொல்லுங்கள்.