மறுகால் எந்தப் பக்கம் பாயும்?

கருங்குளம் பக்கத்திலிருந்து:

2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் வந்த வெள்ளம் வடிந்து சில மாதம் கழித்து, எங்கள் பக்கத்துச் சிற்றூர்களில் வெள்ள ஆபத்தைக் கணக்கெடுக்க வந்தார்கள். மகளிர் குழு சார்பில் நானும் கூடப் போனேன். படிவத்தில் முதல் கேள்வியே எத்தனை வீடு என்பதுதான். மூன்றாவதாகப் போன ஊரில் 11 வீடு. ‘பாதிப்பு குறைவு’ என்று எழுதிவிட்டு வண்டியை எடுக்கப் பார்த்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை.

திண்ணையில் ஓர் ஆச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “92 வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு ஆச்சி?” என்று கேட்டேன். எழுந்து உள்ளே கூட்டிப்போய் அடுப்படிச் சுவரில் கையை வைத்தார். “அப்ப இது. இந்தத் தடவ இந்தா, இது.” இரண்டுக்கும் நடுவே ஒரு முழமும் நாலு விரலும். புதுச் சுண்ணாம்பு அடித்தும் செம்மண் கறை கோடாக மேலே தெரிந்தது. மூலையில் நெல் போட்டு வைக்கிற குலுக்கையிலிருந்து இன்னும் ஈரவாடை வந்தது.

“ஆத்துத் தண்ணி இல்லம்மா, குளத்துத் தண்ணி” என்றார். அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. வந்தவர்களின் வரைபடத்தில் தாமிரபரணிக் கரைக்கு மட்டும்தான் சிவப்பு. எங்கள் குளங்களோ ஒன்று நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற மறுகால் வழியாக இன்னொன்றில் போய் விழுகிற மாதிரி வெட்டியவை. மேல்குளத்துக் கரை உடைந்தால் கீழ்க்குளம் தாங்காது. மறுகால் ஓடை நெடுக சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்ததால் தண்ணீர் ஊருக்குள் திரும்பிவிட்டது. ஆறு அங்கிருந்து ரெண்டு மைலுக்கு மேல்.

அப்புறம் படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு வீடு வீடாகக் கேட்டோம். எந்தத் தரைப்பாலம் முதலில் முழுகும், சிக்னல் எங்கே நின்றால் கிடைக்கும், நடக்க முடியாதவர் யார், மாடி வீடு எது? மாடி வீடு ஒன்றுகூட இல்லை. போக வர ஒரே தரைப்பாலம். வீடு குறைவு என்பதால் ஆபத்தும் குறைவு என்று எப்படி எழுத முடியும்? படகு வேண்டும் என்று வெளியே போய்ச் சொல்லக்கூட வழியில்லாத ஊர் அது.

தென்திருப்பேரையிலிருந்து:

அக்கா சொல்வது அத்தனையும் உண்மை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறக்குறைய 800 பேர் சிக்கியது நாடு முழுக்கத் தெரிந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொடுத்தார்கள், அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது. அதே நாளில் எங்கள் வயக்காட்டு வீடுகள் எட்டில் இருந்தவர்கள் ஓட்டுக்கூரை மேல் இரண்டு ராத்திரி இருந்தோம். யாருக்கும் தெரியாது. என் மகனுக்கு அப்போது நாலு வயது. பசி என்றுகூடச் சொல்லவில்லை, தண்ணீர்ச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டே இருந்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் சின்ன வயதிலிருந்து மலைமேல் இருக்கிற ஊத்து, நாலுமுக்கில் எவ்வளவு மழை, பாபநாசம் அணை எத்தனை அடி என்று பார்த்துத்தான் கீழே உள்ள ஊர்களுக்குச் சொல்ல ஆள் அனுப்புவோம். அணைக்கு முழுக் கொள்ளளவு 143 அடி, அதுதான் எங்கள் அளவுகோல். அந்த முறை அது பத்தவில்லை. மலையில் மட்டும் பெய்யவில்லை, கடலோரத்தில் காயல்பட்டினத்திலேயே ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அது அதிகம். மேலே அணையை மட்டும் பார்த்திருந்தவர்கள் கீழே நிரம்பிய குளத்தைக் கவனிக்கவில்லை. ஊருக்கு ஒரு மழைமானியும் அதைப் பார்க்க ஓர் ஆளும் வேண்டும் அக்கா.

கருங்குளம் பக்கத்திலிருந்து, மறுபடியும்:

ஐப்பசியில் அந்த ஊருக்குத் திரும்பப் போனேன். ஓடையில் பாதி தூரம் கருவேலத்தை வெட்டியிருக்கிறார்கள், மீதி அப்படியே நிற்கிறது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்குக் கூப்பிடும் 1077 என்ற எண்ணை, ஆச்சி பேத்தியை விட்டு அடுப்படிச் சுவரில் கரிக்கட்டையால் எழுத வைத்திருக்கிறார். அந்தக் கறைக்கோட்டுக்கு ஒரு சாண் மேலே.