புதிதாகப் பிடித்த செவ்வால் வல்லூறு கையில் இரை எடுக்க மறுக்கிறது: எடையை இன்னும் குறைக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் உரிமம் பெற்று, ஒரு வழிகாட்டியின் கீழ் வேட்டைப் பறவை பழக்கக் கற்றுவருகிறேன். இந்த இலையுதிர் காலத்தில், நைலான் சுருக்குகள் கட்டிய கம்பிக் கூண்டை வைத்து, பிறந்து ஓராண்டு நிறையாத பெண் செவ்வால் வல்லூறு ஒன்றைப் பிடித்தோம். அன்று அதன் எடை 1,240 கிராம். நான்கு நாள் கழித்து இன்று காலை 1,135 கிராம்.

கையுறையில் நிற்கிறது, ஆனால் விரலிடுக்கில் வைத்த காடை இறைச்சியைக் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. அலகைத் திறந்தபடி, சிறகுகளைச் சற்றே விரித்து, என் முகத்தையே வெறிக்கிறது. அவ்வப்போது கையிலிருந்து பாய்ந்து, கால்வாரில் தலைகீழாகத் தொங்குகிறது. எச்சமும் பச்சையாக இருக்கிறது. எடை குறைந்தால் பசி வந்து தானாகத் தின்னும் என்று படித்திருக்கிறேன். இன்னும் எவ்வளவு குறைக்கலாம்? வழிகாட்டி வெளியூரில் இருப்பதால், தொலைபேசியில் மட்டுமே பேச முடிகிறது.

முதல் பதில்

வணக்கம் நண்பரே. எடையை இப்போதைக்கு ஒரு கிராம்கூடக் குறைக்க முயல வேண்டாம். பிடித்த அன்றைய எடையில், தீனிப்பையிலும் குடலிலும் இருந்த இரையும் சேர்ந்திருக்கும். ஆகவே முதலில் இறங்கியதெல்லாம் உடம்பிலிருந்து இறங்கியது அல்ல. அப்படியே வைத்துக்கொண்டாலும், எட்டு விழுக்காட்டுக்கு மேல் இறங்கிய பறவைக்குப் பசி இல்லாமல் இருக்காது. அது அச்சத்தால் மறுக்கிறது. திறந்த அலகும், விரிந்த சிறகும், உங்கள் முகத்தை விட்டு அகலாத பார்வையும் அதைத்தான் சொல்கின்றன. பட்டினியை நீட்டினாலும் ஒருநாள் தின்னும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் பறக்க வேண்டிய தசையை அது கரைத்திருக்கும்.

தராசு காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், மார்பெலும்பின் இருபுறமும் விரல் வைத்து அழுத்திப் பாருங்கள். தசை உருண்டு நிறைந்திருந்தால் இன்னும் அவகாசம் உண்டு. எலும்பு கத்திமுனைபோல் துருத்தி, இரு பக்கமும் குழிவிழுந்திருந்தால், பயிற்சியை நிறுத்திவிட்டு எப்படியாவது உணவு உள்ளே போக வேண்டிய நிலை வந்துவிட்டது என்று பொருள். ஒரே எடையுள்ள இரண்டு பறவைகளில் ஒன்று கொழுத்ததாகவும் மற்றொன்று மெலிந்ததாகவும் இருக்கலாம் என்பதால், எத்தனை கிராம் வரை இறக்கலாம் என்று பிறர் சொல்லும் கணக்கு உங்கள் பறவைக்குப் பொருந்தாது.

இன்று மாலை அறையை மங்கலாக்குங்கள். இறைச்சி இருப்பது பறவைக்குத் தெரியும் அளவு வெளிச்சம் போதும். நாற்காலி, விளக்குக்கம்பி என இறகு மோதக்கூடிய எதையும் அருகில் வைக்காதீர்கள், ஏனெனில் இப்போது முறியும் இறகுக்கு மாற்று, அடுத்த கோடையில் இறகு உதிர்ந்து முளைக்கும்போதுதான் கிடைக்கும். பறவைக்கு நேர்முகமாக அமராமல், பக்கவாட்டில் திரும்பி, பார்வையைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். நேராக நோக்கும் இரண்டு கண்கள், அதற்குத் தன்னைத் தின்ன வரும் விலங்கின் கண்கள்.

காடை நெஞ்சுக்கறியைக் கிழித்து, செந்நிறம் தெரியும்படி, வெதுவெதுப்பான நீரில் நனைத்து அதன் விரல்களுக்கிடையே வையுங்கள். பிறகு ஒரு சிறு துண்டால் கால்விரலை மெல்ல உரசுங்கள். எரிச்சலில் குனிந்து கடிக்கும். கடித்த அலகில் இறைச்சியின் சுவை ஒட்டும். உடனே விழுங்காது. அலகை ஆட்டி உதறும், மறுபடி உங்களைப் பார்க்கும், நெடுநேரம் அசையாமல் நிற்கும். அந்த நேரத்தில் கையை அசைக்காமல் இருப்பதுதான் உங்கள் வேலை. பாய்ந்து தொங்கினால் இழுக்க வேண்டாம்; மறு கையை அதன் மார்பின் கீழ் கொடுத்து, மெதுவாகத் தூக்கிக் கையுறையில் நிறுத்துங்கள்.

இரண்டாம் பதில்

குடல் காலியாக இருக்கும்போது பித்தநீர் மட்டும் வெளியேறுவதால் எச்சம் பச்சையாவது இயல்பு. தின்றபின் வெண்மையும், நடுவில் கருமையும் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்கினாலோ, குரல் மாறினாலோ, காற்றறைகளில் பூஞ்சைத்தொற்று இருக்கக்கூடும். அமைதியிழந்த செவ்வால் வல்லூறுகளுக்கு அது விரைவில் வரும் நோய். கால்பிடி தளர்ந்திருந்தால் ஈய நஞ்சையும் ஐயப்பட வேண்டும். சுடப்பட்ட விலங்குகளின் மிச்சத்தைத் தின்ற பறவையாக இருக்கலாம். வாயைத் திறந்து, மஞ்சள்வெண் படலம் உள்ளதா என்றும் பாருங்கள். எப்படியானாலும், புதிதாகப் பிடித்த பறவையின் எச்சத்தைப் பறவை மருத்துவரிடம் கொடுத்து ஒட்டுண்ணிச் சோதனை செய்துவிடுவது நல்லது.

கேட்டவர்

மிக்க நன்றி. மார்புத்தசை நன்றாக உருண்டிருக்கிறது, வாய்க்குள் இளஞ்சிவப்பாகவே உள்ளது, பிடியும் வலுவாக இருக்கிறது. தின்னும்வரை இரவு முழுவதும் கையில் வைத்து விழித்திருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அதைச் செய்யலாமா? கண்மறைக்கும் தோல் முகமூடி போடலாமா?

மூன்றாம் பதில்

இரவு முழுதும் விழிக்கவைப்பது பழைய முறை. பயன் தராத முறை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் பறவையை வைத்திருப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. களைத்த மனிதரின் கை நடுங்கும், பொறுமை குறையும். பறவை அந்த இரண்டையும் உடனே உணரும். மாலையில் ஓரிரு மணி நேரம் அமைதியாகக் கையில் வைத்திருந்து, அது சிறகை உதறிச் சிலிர்த்தாலோ, ஒரு காலை இறகுக்குள் மடக்கினாலோ, அந்த நல்ல தருணத்திலேயே, அது அமரும் தாங்கியில் விட்டுவிடுவது அதிகம் கற்றுத்தரும். முகமூடி சரியான அளவில் இருந்தால், ஊர்தியில் கொண்டுசெல்லும்போதும், எடை போடும்போதும் போடுங்கள். நாள் முழுவதும் போட்டுவைத்தால், உங்களைப் பார்த்துப் பழக வேண்டிய நேரம் வீணாகும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தசை குழிவிழத் தொடங்கியும் கையில் தின்னாவிட்டால், அன்று இரையைத் தாங்கியருகே வைத்து, அறையை விட்டு வெளியேறுங்கள். தனிமையிலும் தின்னாவிட்டால் மருத்துவரிடம் செல்லுங்கள். பழகவே பழகாத பறவையைத் தேற்றி, பிடித்த எடைக்குக் கொண்டுவந்து, பிடித்த இடத்திலேயே பருவம் கடக்குமுன் விடுவிப்பதற்கும் மனத்தை ஆயத்தமாக வைத்திருங்கள். அது காட்டில் வேட்டையாடத் தெரிந்த பறவை.

கேட்டவர்

நேற்றிரவு விரலை உரசியபோது மூன்றுமுறை கடித்து உதறியது. நான்காம் முறை ஒரு சிறு துண்டை விழுங்கியது. அதன்பின் என்னை நிமிர்ந்து பார்ப்பதும் குனிந்து கிழிப்பதுமாக, காடையின் நெஞ்சுப்பகுதி முழுவதையும் முடித்துவிட்டது. இனிக் கைக்குத் தாவவைக்கத் தொடங்கலாமா?

முதல் பதிலளித்தவர்

மிகவும் மகிழ்ச்சி. தாவலுக்கு இன்னும் இரண்டொரு நாள் பொறுங்கள். முதலில் அதே வெளிச்சத்தில் தயங்காமல் தின்னட்டும், பிறகு விளக்கைச் சிறிது சிறிதாகக் கூட்டி, பகல் வெளிச்சத்திலும், நீங்கள் எழுந்து நடக்கும்போதும் தின்னட்டும். தின்னும்போது சிறகை விரித்து இரையை மூடிக்கொண்டால், இன்னும் நீங்கள் பிடுங்கிவிடுவீர்கள் என்று அஞ்சுகிறது; அப்போது கையை அருகே கொண்டுபோகாதீர்கள். அப்படி மூடுவதை நிறுத்தியபின், தாங்கியிலிருந்து ஓரடி எடுத்துவைக்கும் தூரத்தில் இறைச்சியோடு கையுறையை நீட்டுங்கள். காலெடுத்து வைப்பது உறுதியானபின் தாவல், அதன்பின்தான் நீளக் கயிற்றில் கட்டித் தொலைவிலிருந்து கைக்குப் பறக்கவைப்பது.

மயிரோ இறகோ சேர்ந்த இரை கொடுத்த மறுநாள், அது செரிக்காத உருண்டையைக் கக்கிய பிறகே அடுத்த உணவைக் கொடுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் எடைபோட்டு, கொடுத்த இறைச்சியின் அளவையும், மார்புத்தசையின் நிலையையும் அதே வரியில் எழுதிவையுங்கள். உங்கள் வழிகாட்டி திரும்பியதும் முதலில் கேட்பது அந்தக் குறிப்பைத்தான்.