ஸ்பிரிங் வெட்டித் தாழ்த்திய ஸ்விஃப்ட்: உயரம் குறைந்தே இருக்க வேண்டும், முதுகும் வலிக்கக் கூடாது. வழி உண்டா?

பாளை_ஸ்விஃப்ட்:

அண்ணாச்சிமார் எல்லாருக்கும் வணக்கம். என் வண்டி 2014 ஸ்விஃப்ட் விடிஐ, டீசல், 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே கை முழுதாக நுழைகிற இடைவெளி வாங்கிய நாளிலிருந்தே கண்ணை உறுத்தும். இரண்டு மாதம் முன்பு ஒரு பட்டறையில் கேட்டேன். "ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்று வெட்டினால் போதும், மதியத்துக்குள் எடுத்துக்கொண்டு போகலாம்" என்றார்கள். நான்கையும் வெட்டிப் பூட்டிக் கொடுத்தார்கள். ஷாக் அப்சார்பர் பழையதுதான்.

நிறுத்தி வைத்துப் பார்த்தால் மனம் நிறைகிறது. ஓட்டினால் தாங்க முடியவில்லை. ஞாயிறுதோறும் அம்மாவை அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டுக்கு அழைத்துப் போவேன். மேலப்பாளையம் தாண்டி தருவை, முன்னீர்பள்ளம், பத்தமடை, சேரன்மகாதேவி வழி. முன்பெல்லாம் பத்தமடை வருவதற்குள் தூங்கிவிடுவார்கள். இப்போது மேலே இருக்கிற கைப்பிடியை விடுவதே இல்லை. வீரவநல்லூரில் நிறுத்தச் சொல்லி, இறங்கி நின்று முதுகைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வேகத்தடையில் மெதுவாக ஏறினாலும் முன்பக்கம் 'டம்' என்று அடிக்கிறது. நல்ல சாலையில் 60க்கு மேல் போனால் வண்டி நிற்காமல் குதித்துக்கொண்டே வருகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறினால் பின்பக்கம் வலதில் ஏதோ இரும்பு தட்டும் சத்தம். முன் டயர் இரண்டும் உள் ஓரத்தில் தேய ஆரம்பித்துவிட்டன.

அடுத்து 17 இஞ்ச் அலாய் வீலும் 205/40 டயரும் (205 மில்லி அகலம், பக்கச் சுவர் அதில் 40 சதவீதம்) போடலாம் என்று இருந்தேன். அதற்கு முன் இதைச் சரி செய்ய வேண்டும். ஷாக்கை மட்டும் மாற்றினால் போதுமா, காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக, உயரத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கிற செட்) போட வேண்டுமா?

கேடிசி_நகர்:

டயரில் காற்று எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் அளவு ஒட்டியிருக்கும். நிறையப் பேர் அதைப் பார்க்காமல் 38, 40 என்று ஏற்றிவிடுகிறார்கள். முதலில் அதைப் பாருங்கள், காசில்லாத வேலை.

தாழையூத்து_டிசையர்:

கேஸ் ஷாக் (வாயு நிரப்பியது) நான்கு மாற்றுங்கள் தம்பி, போதும். என் டிசையரும் இப்படித்தான் குதித்தது. ஷாக் மாற்றியதும் புது வண்டி மாதிரி ஆகிவிட்டது.

வள்ளியூர்_பட்டறை:

டிசையர்க்காரரே, உங்கள் வண்டியில் ஸ்பிரிங் வெட்டாமல் இருந்தது, ஷாக் மட்டும் போயிருந்தது. அதனால் ஷாக் மாற்றியதும் சரியாகிவிட்டது. இந்தத் தம்பிக்கு இருப்பது வேறு தொந்தரவு. இதில் கட்டியான ஷாக்கைப் போட்டால் அடி இன்னும் கூடத்தான் செய்யும்.

தம்பி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். வண்டி தாழ்ந்ததால் மட்டும் முதுகு வலிப்பதில்லை. சக்கரம் மேலே எழும்ப இடம் இல்லாததால் வலிக்கிறது. அந்த இடத்தை நாங்கள் டிராவல் என்போம். உதாரணத்துக்கு, வண்டி நிற்கும்போது ஷாக்கின் உடம்புக்கும் மேலே இருக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் நடுவே 80 மில்லிமீட்டர் இருந்தது என்று வையுங்கள். நீங்கள் 50 மில்லி தாழ்த்தினால் மிச்சம் 30. பள்ளம் அதே பள்ளம், அதை விழுங்க முன்பு இருந்த இடத்தில் பாதிகூட இல்லை. ஸ்பிரிங் தன் வேலையை முடிக்கும் முன்பே ரப்பரில் போய் மோதுகிறது. நீங்கள் சொல்லும் 'டம்' அநேகமாக அதுதான். அந்த நேரத்தில் வண்டிக்கு ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி.

இரண்டாவது, வெட்டினால் ஸ்பிரிங் குட்டையாவதோடு நிற்காது, கட்டியும் ஆகும். சுற்று குறையக் குறைய அதே கம்பிக்கு விறைப்பு கூடும். வேலை செய்கிற சுற்று ஆறு இருந்து ஒன்றரையை எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு விறைப்பு கூடிவிடும். கட்டியான ஸ்பிரிங் அமுங்கித் திரும்பும்போது வேகமாக உதைக்கும். அந்த உதையைப் பிடித்து நிறுத்துவது ஷாக். 92,000 ஓடிய ஷாக்குக்குப் பழைய ஸ்பிரிங்கையே பிடிக்கத் தெம்பு இருந்திருக்காது, இதை எப்படிப் பிடிக்கும்? 60க்கு மேல் குதிப்பது அதனால்தான்.

பின்பக்கத்துச் சத்தம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஸ்விஃப்டில் பின்னால் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. சக்கரம் முழுதாகத் தொங்கினாலும் ஸ்பிரிங், மேலும் கீழும் அது உட்காரும் இரண்டு கிண்ணத்துக்கும் நடுவே கொஞ்சம் அழுத்தத்தோடு இருக்க வேண்டும். வெட்டியது அப்போது தளர்ந்து ஆடும், திரும்ப உட்காரும்போது தட்டும். ஒருநாள் இடம் மாறி உட்கார்ந்தால் வளைவில் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் மூன்று காரியம் செய்து பாருங்கள். ஜாக்கி வைத்துப் பின் சக்கரம் இரண்டையும் தொங்கவிட்டு, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, ஸ்பிரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகாதீர்கள். அப்புறம் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி, முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) ரப்பர் உறையை மேலே தூக்கி, பளபளப்பான தண்டில் ஒரு கேபிள் டை கட்டி, ஷாக்கின் உடம்பைத் தொடுகிற வரை கீழே தள்ளி விடுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அது எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது, நான்கு சக்கரத்திலும் நடுப் புள்ளியிலிருந்து மேல் வளைவு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று அளவை மாற்றிவிடும்.

தென்காசி_ஐ20:

17 இஞ்ச் யோசனையை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் 165/80 ஆர்14 டயரில் பக்கச் சுவர் 132 மில்லி. 205/40இல் 82. அந்த 50 மில்லி ரப்பரும் காற்றும்தான் சின்னக் குழிகளை எல்லாம் உங்களுக்குத் தெரியாமல் வாங்கிக்கொள்கிறது. நான் 40 சீரிஸ் போட்டு, ஆலங்குளம் பக்கம் ஒரு குழியில் ரிம் வளைந்து, ராத்திரி பதினொரு மணிக்குச் சாலையில் நின்றேன். இடைவெளி நிறைந்த மாதிரித் தெரிய வேண்டும் என்றால் இசட்டிஐ மாடலுக்கு வந்த 185/65 ஆர்15 போடுங்கள். அகலம் கூடும், மொத்த உயரம் கிட்டத்தட்ட அதேதான், சுவர் 120 இருக்கும்.

பாளை_ஸ்விஃப்ட்:

அண்ணாச்சி, செய்துவிட்டேன். காற்று 36 இருந்தது, கதவில் போட்டிருந்த அளவுக்கு இறக்கினேன். சிறு சத்தம் குறைந்தது, 'டம்' அப்படியே இருக்கிறது.

பின் வலது ஸ்பிரிங் தொங்கும்போது கையால் சுற்றினாலே சுற்றுகிறது. இடது லேசாக ஆடுகிறது. கேபிள் டை இரண்டு பக்கமும் ரப்பருக்குள் போய்ப் புதைந்திருந்தது. பக்கத்து வீட்டு மச்சானின் வண்டியும் அதே 2014 விடிஐ, அதையும் அளந்தேன். அதைவிட என் வண்டி முன்னால் 55 மில்லி, பின்னால் 40 மில்லி தாழ்வு. இவ்வளவு இறங்கியிருக்கும் என்று நினைக்கவே இல்லை.

வள்ளியூர்_பட்டறை:

சரி, சந்தேகம் தீர்ந்தது. உங்கள் 2014 ஸ்விஃப்டுக்குத் தரை இடைவெளி 170 மில்லி. 55 போனால் முன்னால் 115. வேகத்தடைக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்லும் அளவே 3.7 மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம். நம் ஊர்களில் போட்டிருக்கும் தடைகள் நீளம் குறைந்து செங்குத்தாக நிற்கும். நான்கு பேர் உட்கார்ந்தால் உங்கள் வண்டி தட்டாமல் எப்படிப் போகும்?

முதலில் அந்த வெட்டிய ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். அதை வைத்துக்கொண்டு அம்மாவை ஏற்ற வேண்டாம். கம்பெனி ஸ்பிரிங், புது ஷாக் நான்கு, ஸ்ட்ரட் மவுண்ட் (ஸ்ட்ரட்டை மேலே பாடியோடு பிடிக்கிற ரப்பர்), பம்ப் ஸ்டாப் எல்லாம் போடுங்கள். பத்து வருஷம் தாண்டிய வண்டி, லோயர் ஆர்ம் புஷ்ஷையும் (சக்கரத்தைப் பிடிக்கிற கீழ்க் கையின் ரப்பர் மூட்டு) பார்த்துவிடுங்கள்.

ஆசையை விட வேண்டாம். ஒரு மாதம் இப்படி ஓட்டிவிட்டு, உங்கள் மாடலுக்கென்றே செய்த லோயரிங் ஸ்பிரிங் போடுங்கள். 25, மிஞ்சினால் 30 மில்லி. அதற்கு மேல் போனால் மிச்சம் இருக்கிற டிராவலில் வண்டியைத் தாங்க ஸ்பிரிங்கை நிறையக் கட்டியாக்க வேண்டும், நம் ரோட்டில் சொகுசு நிற்காது. டீசலுக்கு உரியதா என்று கேட்டு வாங்குங்கள். டீசல் இன்ஜின் கனம். பெட்ரோல் வண்டி ஸ்பிரிங்கைப் போட்டால் முன்னால் சொன்னதைவிட அதிகமாக இறங்கிவிடும். காயில்ஓவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், நல்லது விலை அதிகம், மலிவானது ஒரு மழைக்காலத்தில் திருகு துருப்பிடித்து இறுகிவிடும்.

இன்னொன்று, பட்டறைகளில் பலர் விட்டுவிடுவது. புதிய உயரத்தில் வண்டியைத் தரையில் நிற்க வைத்து, ஆர்ம் புஷ் போல்ட்டுகளை ஒருமுறை தளர்த்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். தொங்கவிட்ட நிலையில் இறுக்கினால், தரையில் நிற்கும்போது ரப்பர் முறுக்கியே இருக்கும். வண்டி விறைப்பாகப் போகும், புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். எல்லாம் முடிந்த பிறகு அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரி செய்வது. உள் ஓரம் தேய்வதற்குக் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே வெளியே சாய்வது) மட்டும் காரணம் என்பார்கள். உயரம் மாறினால் டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன் ஓரம் உள்ளே வெளியே திரும்பியிருப்பது) மாறும், டயரைச் சீக்கிரம் தின்பது அதுதான். ஹெட்லைட் அளவையும் பாருங்கள்.

ஸ்ரீவைகுண்டம்_வாசகர்:

மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் ஒருமுறை படியுங்கள் தம்பி. பதிவுச் சான்றில் இருக்கிற விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு 182ஏ பிரிவில் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லை ஆறு மாதம் வரை சிறை, இல்லை இரண்டும் என்று இருக்கிறது. ஸ்பிரிங் வாங்கும் முன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாளை_ஸ்விஃப்ட்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். அண்ணாச்சி சொன்ன வரிசையிலேயே செய்தேன். கம்பெனி ஸ்பிரிங்கும் புது ஷாக்கும் போட்டு ஒரு மாதம் ஓட்டினேன். இடது லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருந்தது, மாற்றியாயிற்று. இன்சூரன்ஸுக்கு எழுதிப் பதில் வந்த பிறகுதான் டீசலுக்கான 30 மில்லி ஸ்பிரிங்கை வாங்கினேன். தரையில் நிற்க வைத்து புஷ் போல்ட்டை இறுக்குவதை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். டயர் 185/65 ஆர்15.

போன ஞாயிறு அம்மா, ஆச்சி, சித்தி, நான் என்று நான்கு பேர் அம்பை போய்த் திரும்பினோம். 'டம்' ஒரு இடத்திலும் இல்லை. குறுக்கே வெட்டிப் பூசிய இடங்களில் கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம் விறைப்பு தெரிகிறது, அதை மறைக்கவில்லை. அம்மா கைப்பிடியைத் தொடவே இல்லை. கல்லிடைக்குறிச்சி ஆற்றுப் பாலத்தில் எழுப்பிவிட வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கேபிள் டையைப் பார்த்தேன். ரப்பருக்கு இன்னும் இடதில் 18 மில்லி, வலதில் 15 மில்லி மிச்சம். வலது குறைவது டிரைவர் கனத்தாலா அண்ணாச்சி, இல்லை வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

வள்ளியூர்_பட்டறை:

டிரைவர் கனம்தான், அதோடு நம் ரோட்டில் குழி எந்தப் பக்கம் வந்தது என்பதையும் பொறுத்தது. 3 மில்லிக்குக் கவலை வேண்டாம். கேபிள் டையைக் கழற்றாமல் 5,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அளந்து போடுங்கள். ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு அலைன்மென்டும் ஒருமுறை பார்த்துவிடலாம்.