எரிசக்திச் சமநிலை அட்டவணையில் இழப்பை எங்கே பார்ப்பது?

பீஷான் வாசகி:
வணக்கம். எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் எரிசக்திச் சேமிப்பைப் பற்றித் தமிழில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதற்காக, ஒரு நாட்டுக்குள் எரிசக்தி எவ்வளவு வருகிறது, எப்படி மாறுகிறது, எங்கே பயன்படுகிறது என்று காட்டும் சர்வதேச எரிசக்தி முகமையின் அட்டவணையில் சிங்கப்பூர்ப் பக்கத்தை இரண்டு மாலை உட்கார்ந்து படித்தேன். "இழப்புகள்" என்ற வரியில் உள்ள எண் மிகச் சிறியது. ஆனால் மொத்த வழங்கலுக்கும் இறுதிப் பயன்பாட்டுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிகிறது. அது எங்கே போகிறது? மின்நிலைய வரியில் எரிவாயுவுக்குக் கழித்தல் குறியும் மின்சாரத்துக்குக் கூட்டல் எண்ணும் இருப்பது ஏன்?

துவாஸ் சுழலி:
அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வியிலேயே முதல் கேள்விக்கான விடை இருக்கிறது. "இழப்புகள்" என்ற வரி, எரிசக்தி வழியில், அதாவது கம்பியிலும் குழாயிலும், குறைவதை மட்டுமே காட்டுகிறது. நம்முடையது சிறிய, நெருக்கமான நகரம்; 400 கிலோவோல்ட்டிலும் 230 கிலோவோல்ட்டிலும் வரும் மின்சாரம் வெகுதூரம் பயணம் செய்வதில்லை. ஆகவே அந்த எண் சிறியதாக இருப்பதில் வியப்பில்லை.

பெரிய இழப்பு, ஒருவகை எரிசக்தி இன்னொரு வகையாக மாறுவதைக் காட்டும் உருமாற்றப் பகுதியின் மின்நிலைய வரியில் இருக்கிறது. உள்ளே சென்ற எரிபொருள் கழித்தலாகவும், வெளியே வந்த மின்சாரம் கூட்டலாகவும் எழுதப்படுகின்றன. அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் மிஞ்சும் கழித்தல் எண்தான் வெப்பமாகப் போனது. 2023ஆம் ஆண்டில் இங்கு ஏறக்குறைய 57 டெராவாட்மணி மின்சாரம் உற்பத்தியானது. ஒரு டெராவாட்மணி (நூறு கோடி வீட்டு மின் அலகு) என்பது 86 கிலோடன் எண்ணெய்ச் சமானம், அதாவது அவ்வளவு எண்ணெயில் உள்ள எரிசக்தி, என்பதால், இது சுமார் 4,900 கிலோடன் ஆகும். நிலையங்களின் திறனை, அதாவது எரிபொருளின் எரிசக்தியில் மின்சாரமாக மாறும் பங்கை, 50 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய அதே அளவு எரிசக்தி மின்சாரமாக மாறாமலேயே போய்விடுகிறது.

நான் பல ஆண்டுகள் மின்நிலையத்தில் பணியாற்றியவன். நீராவியைக் குளிர்விக்கக் கடலிலிருந்து எடுத்த நீரைத் திரும்ப விடும் வாய்க்காலின் ஓரத்தில் நின்றால், நடுஇரவிலும் வெதுவெதுப்பு முகத்தில் படும். அட்டவணையில் அந்தக் கழித்தல் எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாய்க்கால்தான் நினைவுக்கு வருகிறது. கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். வீட்டில் ஓர் அலகு மின்சாரத்தைச் சேமித்தால், நிலையத்தில் ஏறக்குறைய இரண்டு அலகு எரிவாயு மிஞ்சுகிறது என்பது அப்போது எளிதாகப் புரியும்.

ஜூரோங் கணக்கர்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. சிங்கப்பூர் அட்டவணையில் மட்டும் கூடுதல் கவனம் தேவைப்படும் இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, கப்பல் எரிபொருள். 2023இல் இங்கு விற்பனையானது 51.8 மில்லியன் டன். எரிசக்தி அளவில் அது நம் மின்நிலையங்கள் எரிக்கும் எரிவாயுவைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. அனைத்துலகக் கப்பல்களும் விமானங்களும் நிரப்பிக்கொள்வது வழங்கல் பகுதியிலேயே கழிக்கப்பட்டுவிடும். இறக்குமதி அளவை மட்டும் எடுத்துக்கொண்டு மக்கள்தொகையால் வகுப்பவர்கள், சிங்கப்பூரர் ஒவ்வொருவரும் மலையளவு எண்ணெயை எரிக்கிறார் என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டாவது, ஜூரோங் தீவின் ஆலைகளுக்குச் செல்லும் நாப்தா என்ற இலகுவான பெட்ரோலியத் திரவம். அதில் பெரும்பகுதி எரிக்கப்படாமல் பிளாஸ்டிக்குக்கும் வேதிப்பொருள்களுக்கும் மூலப்பொருளாகிறது. ஆயினும் "எரிசக்தி அல்லாத பயன்பாடு" என்ற தலைப்பில் இறுதிப் பயன்பாட்டுக்குள்ளேயே அது எண்ணப்படுகிறது. அதைப் பிரித்துக் காட்டாமல் தொழில்துறையைக் குறை சொல்வது நியாயமாகாது.

பீஷான் வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. மின்நிலையத் திறனை நானே வகுத்துப் பார்த்தேன். ஆனால் வேறோர் அறிக்கையில் அதே நிலையங்களின் திறன் பல புள்ளிகள் குறைவாக இருக்கிறது. நான் எங்கே தவறினேன்?

துவாஸ் சுழலி:
உங்கள் வகுத்தலில் பிழை இருக்காது. அந்த அறிக்கை எரிபொருள் தரும் வெப்பத்தை வேறு முறையில் எண்ணியிருக்கும். எரிவாயு எரியும்போது உண்டாகும் நீராவியின் உள்ளுறை வெப்பத்தையும் சேர்த்து எண்ணினால் மொத்த வெப்பமதிப்பு. சேர்க்காவிட்டால் நிகர வெப்பமதிப்பு. எரிவாயுவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஏறக்குறைய 10 விழுக்காடு வேறுபாடு உண்டு. முகமை நிகர மதிப்பைக் கையாள்கிறது. எரிவாயு விற்பனைக் கணக்குகள் பெரும்பாலும் மொத்த மதிப்பில் இருக்கும். நிகர மதிப்பில் 55 விழுக்காடாகத் தெரியும் நிலையம், மொத்த மதிப்பில் 50 விழுக்காடாகத் தெரியும்.

கூட்டத்தில் யாராவது சூரியசக்தியைப் பற்றிக் கேட்டால் இதையும் சொல்லலாம். சூரியத் தகடு தரும் மின்சாரம் அட்டவணையில் அப்படியே ஒன்றுக்கு ஒன்றாக வழங்கலில் சேர்கிறது. எனவே ஒரு டெராவாட்மணி சூரிய மின்சாரம் எரிவாயு மின்சாரத்தின் இடத்தைப் பிடித்தால், 50 விழுக்காடு திறன் கணக்கில், வழங்கலில் 172 கிலோடன் எரிவாயு குறைந்து 86 கிலோடன் மட்டுமே கூடும். வீடுகளில் விளக்கும் மின்விசிறியும் முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும்.